ஐந்தாவது எல்லை

அமெரிக்காவில் ஒரு நிலம், காகிதத்தில், இருநூறு வருஷத்துக்கு மேலாக ஒரு பக்கம் திறந்தே கிடந்தது. அதை அடைத்தவள் நான். பாளையங்கோட்டையில், ஒரு ஜவுளிக்கடையின் மாடியில், பள்ளிக்கூடப் பிள்ளைகளின் ஜாமெட்ரி பாக்ஸை வைத்துக்கொண்டு அடைத்தேன். பீற்றிக்கொள்கிறாள் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். பீற்றிக்கொள்ளத்தான் எழுதுகிறேன். என் வயதில் ஒருத்திக்கு இது எத்தனை தடவை வாய்க்கும்?

ஸ்ரீவைகுண்டத்தில் ஒரு பத்திர எழுத்தரின் அலுவலகத்தில் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்தவள் நான். படிப்பு பத்தாம் வகுப்பு. வேலை, மூலப்பத்திரம் படிப்பது. நிலம் விற்க வருகிறவர்கள் பாட்டன் காலத்துப் பத்திரத்தை மஞ்சள் பையில் சுருட்டிக்கொண்டு வருவார்கள். பூச்சி அரித்திருக்கும், மழையில் மை ஊறியிருக்கும், எண்ணெய்க் கை பட்டிருக்கும். அதைப் படித்து, நிலம் எந்த வாய்க்காலுக்குத் தெற்கு, யாருடைய நஞ்சைக்கு மேற்கு என்று நான் சொல்ல வேண்டும். கோர்ட் தீர்ப்பு நகல், பழைய சர்வே குறிப்பு என்று இங்கிலீஷில் வருவதையும் முதலில் எழுத்துக்கூட்டிப் படித்தேன். பிறகு கூட்டாமலே படிக்க வந்துவிட்டது. பேசத்தான் வராது.

எழுத்தரின் மகனுக்குக் கல்யாணம் ஆயிற்று. மருமகள் பி.காம். வந்த மூன்றாம் மாதம் என் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, "அக்கா, இம்புட்டு வருஷம் ஒழைச்சிட்டிய. இனி வீட்ல ரெஸ்ட் எடுங்க" என்றாள். ரெஸ்ட்! நான் கேட்டேனா? அன்றைக்குப் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தபோது பட்ட அவமானம் இன்னும் எனக்குச் செரிக்கவில்லை. இன்னொரு தடவை எவரும் என்னை நாற்காலியிலிருந்து எழுப்பக் கூடாது என்று அன்றே முடிவு செய்தேன்.

ஒன்றரை மாதம் கழித்து பாளையங்கோட்டையில் வேலை கிடைத்தது. டைப்பிங் சென்டர் மாதிரி ஓர் இடம். எட்டுப் பெண்கள், எட்டு கம்ப்யூட்டர், ஒரு மானேஜர். அமெரிக்காவில் ஒரு நூலகம் தன்னிடம் உள்ள பழைய கடிதங்களை ஸ்கேன் செய்து அனுப்பும். அந்த நாடு உண்டான காலத்துத் தலைவர்கள் எழுதியவை, அவர்களுக்கு வந்தவை, அவர்கள் வீட்டுப் பெண்கள் எழுதியவை. எல்லாம் இறகுப் பேனாவால் எழுதிய கையெழுத்து. அதை நம் பெண்கள் பார்த்து டைப் அடிக்க வேண்டும். ஒரே கடிதத்தை இரண்டு பேர் தனித்தனியே அடிப்பார்கள். இரண்டையும் கம்ப்யூட்டர் ஒப்பிட்டு, எங்கே வித்தியாசமோ அங்கே சிவப்பு காட்டும். அதைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்கிறவருக்கு ரீடர் என்று பெயர்.

எனக்குக் கொடுத்த வேலை பிரித்துப் போடுவது. எழுத்து உள்ள பக்கம் ஒரு ஃபோல்டர், வெறும் பக்கம் ஒன்று, மேலுறை ஒன்று. மேலுறை என்றால் கடிதத்தை மடித்த பிறகு வெளியே தெரிகிற பின்பக்கம். வாங்கினவர் அதில் யாரிடமிருந்து வந்தது, என்ன விஷயம் என்று இரண்டு வரி குறித்து வைப்பார். மேலுறை ஃபோல்டரை டைப் அடிக்க வேண்டாம், அது வேறு யாருக்கோ போகும். ஆக, பத்தாம் வகுப்புக்கு மானேஜர் போட்ட கணக்கு அவ்வளவுதான்.

"சார், எனக்குக் கையெழுத்து நல்லா படிக்க வரும். என்னை ரீடராப் போடுங்க" என்று முதல் வாரமே கேட்டேன்.

அவர் நல்ல மனுஷர்தான், முப்பத்தைந்து வயது இருக்கும். ஆனால் சிரித்துவிட்டார். "அக்கா, ரீடருக்கு டிகிரி வேணும். நம்ம டீம் லீடர் எம்.ஏ. இங்கிலீஷ். அவளே தெணறுதா."

டீம் லீடர் ஒரு நாங்குநேரிப் பெண். கெட்டிக்காரி. வேகமாக டைப் அடிப்பாள், அதைவிட வேகமாகப் பேசுவாள். என்னை அக்கா என்று மரியாதையாகத்தான் கூப்பிடுவாள். ஆனால் நான் அவள் தோளுக்குப் பின்னால் நின்று, "அது 'எஃப்' இல்லம்மா, 'எஸ்'. அந்தக் காலத்துல அப்படித்தான் நீட்டி எழுதியிருக்காவ" என்று சொன்னால் அவளுக்கு முகம் சுருங்கிவிடும்.

நான் பிரிக்கிற சாக்கில் எல்லாவற்றையும் படித்தேன். எம்மா, என்ன மனுஷர்கள்! ஒரு நாட்டையே உண்டாக்கினவர்கள் என்றால் எப்போதும் பெரிய விஷயமே எழுதுவார்கள் என்று நினைத்திருந்தேன். ஒருத்தருக்குப் பல்வலி. ஒருத்தர் ஊரில் இல்லாத நேரத்தில் தோட்டத்தில் என்ன விதைத்தாய் என்று வேலையாளைக் கடிதத்திலேயே குடைந்து எடுக்கிறார். ஒருத்தருடைய மனைவி, நீ அங்கே உட்கார்ந்து சட்டம் எழுதுகிறாய், இங்கே குடும்பத்தை யார் பார்ப்பது என்ற கணக்கில் மரியாதையாகவே சூடு வைக்கிறார். இரண்டு பெரிய தலைகள் அரசியலில் முட்டிக்கொண்டு வருஷக்கணக்கில் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்துவிட்டு, கிழவர்களான பிறகு மறுபடி எழுத ஆரம்பித்திருக்கிறார்கள். நம் ஊரில் வாய்க்கால் தண்ணீருக்குச் சண்டை போட்ட அண்ணன் தம்பிகள் பேரன் கல்யாணத்தில் பேசிக்கொள்வதில்லையா, அந்தக் கதைதான். எனக்குச் சிரிப்பு வருவது கடைசி வரியில். எதிரிக்கு எழுதினாலும் உங்கள் பணிவான ஊழியன் என்றுதான் கையெழுத்து. வயிற்றெரிச்சலை எல்லாம் மேலே கொட்டிவிட்டுக் கீழே கும்பிடு.

வீட்டில் என் கணவரிடம் இதையெல்லாம் சொல்வேன். அவர் வாழைத்தார் ஏலக் கடையில் எடை போடுகிறவர். "அமெரிக்காக்காரன் கடுதாசியப் படிச்சு ஒனக்கு என்னட்டி ஆவப்போவுது? நம்ம கரண்டு பில்லப் படி மொதல்ல" என்பார். சொல்லிவிட்டு, "பெறவு? அந்தப் பல்வலிக்காரருக்கு என்னாச்சு?" என்று கேட்பார்.

இரண்டு மாதம் இப்படிப் போயிற்று. மூன்றாம் மாதம் தலையில் கல் விழுந்தது. மானேஜர் எல்லோரையும் கூப்பிட்டு, "இந்த பேட்ச் வெள்ளிக்கிழமை மத்தியானம் பன்னெண்டு மணிக்கு அனுப்பணும். இதுதான் சோதனை பேட்ச். ஒரு பக்கம் விட்டுப்போனாலும் வேலை நமக்கு இல்ல, வேற ஊருக்குப் போயிரும்" என்றார். பிறகு என்னைப் பார்க்காமல், "அடுத்த பேட்ச்ல இருந்து பிரிக்கிற வேலைய கம்ப்யூட்டரே செஞ்சிரும்" என்றார். அந்த அறையில் பிரிக்கிற வேலை செய்வது நான் ஒருத்திதான்.

தனியே போய்க் கேட்டேன். "அப்ப நான்?"

"பாப்போம்க்கா" என்றார். பாப்போம் என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? ரீடராக என்னை நிரூபிக்க வேண்டும், அதுவும் வெள்ளிக்கிழமைக்குள். இல்லாவிட்டால் மறுபடி பை, மறுபடி நடை.

புதன்கிழமை வந்த கட்டுக்குள் கடிதமாக இல்லாத ஒரு தாள் இருந்தது. அந்தத் தலைவர்களில் ஒருவர், வாலிபத்தில், அரசியலுக்கு வருவதற்கு வெகு முன்னால், நிலம் அளக்கப் போனவர். அவர் எழுதிய நில அளவைக் குறிப்பு. யாருக்காக அளந்தது, எந்த இடம் என்று முக்கால் பக்கம், அதற்குக் கீழே எல்லை. ஒரு வெள்ளை ஓக் மரத்தில் தொடங்கி, இத்தனை பாகை திரும்பி இத்தனை தூரம் போனால் இன்ன மரம், அங்கிருந்து இத்தனை தூரம் போனால் ஓடை என்று நாலு வரி. முன்பக்கம் அடிவரைக்கும் எழுத்து. பார்த்ததும் எனக்குச் சொந்த ஊர்க்காரரைச் சந்தையில் பார்த்த மாதிரி இருந்தது. நாற்காலியை விட்டு எழுந்தே விட்டேன்.

"ஏட்டி, இது பத்திரம்! நாலு எல்லை எழுதியிருக்காரு பாரு!"

நாங்குநேரிப் பெண் எட்டிப் பார்த்தாள். "நம்பரும் எழுத்துமா இருக்கு. ஒண்ணும் வெளங்கலயே."

"வெளங்காம என்ன? 'என்' இருபது 'ஈ' நூறு. வடக்கப் பாத்து நின்னுக்க, கெழக்க இருபது பாகை திரும்பு, நூறு கோல் நட. ஒரு கோல் பதினாறரை அடி. பழைய சர்வே குறிப்புல இதெல்லாம் நான் பாத்திருக்கேன்."

அவள் இந்தத் தடவை முகம் சுருக்கவில்லை. சொன்னபடி அடித்தாள். இன்னொருத்தியும் அடித்தாள். கம்ப்யூட்டர் ஒப்பிட்டது, ஒரு சிவப்பும் இல்லை. நான் காலரைத் தூக்கி விடாத குறை. தாளின் பின்பக்கப் படத்தைத் திறந்தேன். நடுவில் வாங்கினவர் எழுதிய குறிப்பு, அடியில் மங்கலாக ஏதோ கறை மாதிரி. நம் பத்திரங்களிலும் பின்பக்கம் என்றால் பதிவு அலுவலகத்தின் முத்திரையும் கைரேகையும்தான் இருக்கும். எழுதினவர் அங்கே எழுத மாட்டார். எல்லையும் நாலு முடிந்துவிட்டது. மேலுறை ஃபோல்டரில் தள்ளிவிட்டேன்.

வியாழக்கிழமை மத்தியானம், சாப்பாட்டு நேரத்தில், மானேஜரிடம் காட்டிப் பெருமை அடிப்பதற்காக அந்த நிலத்தைப் படமாக வரையலாம் என்று தோன்றியது. கீழே ஸ்டேஷனரிக் கடையில் ஒரு ஜாமெட்ரி பாக்ஸ் வாங்கினேன். பத்துக் கோலுக்கு ஒரு சென்டிமீட்டர். ஓக் மரத்துக்கு ஒரு புள்ளி வைத்து, வடக்கே ஒரு கோடு, கிழக்கே ஒரு கோடு, தெற்கே ஒரு கோடு, தென்மேற்கே ஒரு கோடு. நாலாவது கோடு ஓக் மரத்தில் போய் முட்ட வேண்டும். முட்டவில்லை. கிட்டேயும் போகவில்லை. தாளின் இன்னொரு மூலையில் போய் அம்போவென்று நின்றது.

திரும்ப வரைந்தேன். அதே இடத்தில் நின்றது. கோணமானியைத் திருப்பி வைத்துப் பார்த்தேன். சவம், அதே இடம்.

மானேஜரிடம் போனேன். "சார், இந்த நிலம் அடைய மாட்டேங்குது. எங்கயோ தப்பு இருக்கு."

"ரெண்டு பேர் அடிச்சது ஒண்ணா இருக்கா?"

"இருக்கு."

"கம்ப்யூட்டர் ஓகேன்னுச்சா?"

"கம்ப்யூட்டரா அங்கன போய் நடக்கப் போவுது? தொடங்கின எடத்துக்கு வராத நெலம் உண்டா சார்? இதுல வேலி போட்டா மாடு வெளிய போயிரும்!"

பெண்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். "மாடு அமெரிக்காவுல போனா போவுதுக்கா. அந்தக் காலத்து ஆளு, தப்பா அளந்திருப்பாரு. நம்ம வேலை உள்ளதை அடிக்கிறது. நாளைக்கு பன்னெண்டு மணி, ஞாபகம் வைங்க."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. தப்பாக அளந்தாராமே! இவ்வளவு அழகாக, ஒரு கிறுக்கல் இல்லாமல் எழுதினவர் கோட்டிக்காரரா? நான் தாளைச் சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டு அஞ்சு மணி பஸ்ஸைப் பிடித்தேன்.

வீட்டுக்கு வந்ததும் காப்பிகூடப் போடாமல் தரையில் தாளை விரித்தேன். எண்களை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தேன். ஒன்றை ஏழாக்கினேன், மூன்றை எட்டாக்கினேன். ஒன்றும் சேரவில்லை. கணவர் ஏலக் கடையிலிருந்து வந்து, காலைக் கழுவிவிட்டு, பக்கத்தில் குந்தினார்.

"என்னளா, கோலம் போடுதியா?"

விவரம் சொன்னேன். நாலு எல்லையும் இருக்கிறது, ஆனால் அடையவில்லை என்றேன்.

அவர் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "நாலுதான்னு எவன் சொன்னான்? ஆத்தங்கரையில ஒரு வாழைத்தோட்டம் அஞ்சு மூலையாக் கெடக்கே. அதுக்குப் பத்திரத்துல என்ன எழுதினிய?"

"அதுக்கும் நாலு எல்லைதான். வளைஞ்சது நெளிஞ்சது எல்லாத்தையும் வடக்கு, தெக்குன்னு ஒண்ணுக்குள்ள அடக்கிருவோம். நிலம்னா நாலு எல்லை."

சொல்லி முடிக்கவில்லை, எனக்கே சுருக்கென்றது. அது எங்கள் வழக்கம். இருபத்திரண்டு வருஷம் நாலு, நாலு, நாலு என்றே எழுதி எழுதி, நாலைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்துவிட்டேன். அந்த மனுஷர் நம் ஊர்ப் பத்திரம் எழுதவில்லையே! நடந்து நடந்து அளந்தவர். நிலத்துக்கு எத்தனை பக்கமோ அத்தனை வரி எழுதியிருப்பார். இதற்கு ஐந்து பக்கம். ஐந்தாவது வரி எங்கோ கிடக்கிறது.

நாலாவது கோடு நின்ற இடத்திலிருந்து ஓக் மரத்துக்கு ஸ்கேலை வைத்தேன். பதினோரு சென்டிமீட்டரும் எட்டு மில்லியும். கோணமானியை வைத்தேன். அறுபத்தைந்து பாகை. படத்தின் ஓரத்தில் எழுதினேன்: காணாமல் போன வரி, வடக்கிலிருந்து மேற்கே அறுபத்தைந்து பாகை, நூற்றுப்பதினெட்டுக் கோல் அல்லது அதற்குச் சற்றுக் கூட. எழுதிவிட்டுப் பேனாவைக் கணவரிடம் நீட்டினேன். "சாட்சி போடுங்க. தேதியோட."

"கோட்டி முத்திட்டு" என்றார். ஆனால் போட்டார். வாழைத்தார் ரசீதில் போடுகிற அதே நீளக் கையெழுத்து.

படத்தை போனில் எடுத்து நாங்குநேரிப் பெண்ணுக்கு அனுப்பி, ஒரு வரி விட்டுப்போயிருக்கிறது, அது இப்படித்தான் இருக்கும் என்று குரல் பதிவும் போட்டேன். அவள் பார்த்ததற்கு அடையாளம் வந்தது, பதில் வரவில்லை.

வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸில் ஏறினேன். கருங்குளம் தாண்டும்போதுதான் அந்த வரி எங்கே இருக்கும் என்பது எனக்கு விளங்கியது. முன்பக்கம் அடிவரைக்கும் எழுத்து. இடம் முடிந்துவிட்டது. மனுஷர் தாளைத் திருப்பியிருப்பார். பின்பக்கம்! கறை மாதிரி மங்கலாக! அதைத் தூக்கி மேலுறையில் போட்டது யார்? நான். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்களே, அப்படி இரண்டு நாளாக ஊரையெல்லாம் குற்றம் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

ஜவுளிக்கடைக் காவல்காரர் மாடியைத் திறந்துவிட்டார். யாரும் வரவில்லை. மேலுறை ஃபோல்டரைத் திறந்து, படத்தைப் பெரிதாக்கி, வெளிச்சத்தைக் கூட்டினேன். வாங்கினவர் குறிப்புக்குக் கீழே, முன்பக்கத்தில் இருந்த அதே கையெழுத்து. ஒன்றரை வரி. வடக்கு, அறுபத்தைந்து, மேற்கு. நூற்றுப்பதினெட்டுக் கோல். தொடங்கிய இடத்துக்கு.

நான் கத்திவிட்டேன். ஆளில்லாத மாடியில் தனியாக நின்று, "வந்துட்டியா ராசா!" என்று கத்தினேன். கீழே காவல்காரர், "என்னம்மா? என்ன?" என்று படியேறி ஓடி வந்தார். ஒன்றுமில்லை, நிலம் கிடைத்துவிட்டது என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு இறங்கிப் போனார்.

சந்தோஷம் அரை நிமிஷம்தான். அந்தப் படத்தைச் சத்தமில்லாமல் எழுத்து ஃபோல்டருக்கு நகர்த்திவிட்டால் யாருக்கும் தெரியாது. டைப் அடித்தவள் கவனிக்கவில்லை என்று போய்விடும். உண்மையைச் சொன்னால், ரீடர் வேலை கேட்டவள் பிரிக்கிற வேலையையே ஒழுங்காகச் செய்யவில்லை என்று ஆகிவிடும். மௌஸில் கை வைத்துக்கொண்டு ஐந்து நிமிஷம் உட்கார்ந்திருந்தேன். நகர்த்தியிருப்பேன், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த ஃபோல்டரில் இன்னும் எத்தனை பின்பக்கம் கிடக்கிறது! ஒன்றில் விட்டவள் ஒன்பதில் விட்டிருக்க மாட்டாளா? பன்னிரண்டு மணிக்குள் நான் ஒருத்தியாக எல்லாவற்றையும் பார்க்க முடியாது. எல்லோரும் வேண்டும். எல்லோரும் வேண்டுமென்றால் சொல்லியாக வேண்டும்.

ஒன்பது மணிக்கு எல்லோர் முன்னாலும் சொன்னேன். பக்கம் விட்டுப்போயிருக்கிறது, விட்டவள் நான், இன்னும் இருக்கலாம் என்றேன்.

மானேஜர் முகம் கறுத்துவிட்டது. "அக்கா, உங்களுக்குக் குடுத்தது ஒரே வேலை."

"ஆமா."

"அதுலயும் இப்படியா? இன்னிக்கு, இப்ப வந்து சொல்லுதிய!"

எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைக்கவில்லை. அப்போதுதான் நாங்குநேரிப் பெண் எழுந்து தன் போனை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"சார், இதப் பாருங்க. அந்த வரியில என்ன இருக்கும்னு அக்கா நேத்து சாய்ங்காலமே எனக்கு அனுப்பிட்டாவ. பின்பக்கத்தைப் படிக்காமலே. நான் வெளையாட்டுன்னு விட்டுட்டேன். இப்ப எடுத்து வச்சுப் பாத்தேன், ஒரு நம்பர் மாறல."

அவர் போனைப் பார்த்தார். திரையில் இருந்த பின்பக்கத்தைப் பார்த்தார். மறுபடி போனைப் பார்த்தார். "இது யாரு கையெழுத்து?"

"சாட்சி சார். எங்க வீட்டுக்காரரு."

அவருக்குச் சிரிப்பதா திட்டுவதா என்று தெரியவில்லை. எனக்கு அந்த இடைவெளி போதும். "திட்டுறதை எல்லாம் பன்னெண்டு மணிக்கு மேல வச்சுக்கங்க சார், நான் எங்கயும் போவல. இப்ப ஆளுக்கு ஒரு கட்டு பின்பக்கத்தைத் திறங்க. வாங்கினவன் கையெழுத்து ஒண்ணு, எழுதினவன் கையெழுத்து ஒண்ணு. ரெண்டு கை இருந்தா என்னைக் கூப்பிடுங்க. பையப் பைய வேண்டாம், ஓடுங்க!"

ஓடினார்கள். மானேஜரும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு ஒரு கம்ப்யூட்டரில் உட்கார்ந்தார். "அக்கா, இங்கன ரெண்டு கை!" "அக்கா, இது ஒரே கைதானே?" என்று மாறி மாறிக் குரல். நான் அறை முழுக்கச் சுற்றினேன். மேலும் நாலு கிடைத்தன. விதை கேட்டு எழுதின கடிதத்தில் மறந்துபோய்ப் பின்னால் சேர்த்த இரண்டு வரி. சூடு வைக்கிற அந்த மனைவி, மடித்த பிறகும் ஆறாமல் ஓரத்தில் எழுதிய ஒரு வாக்கியம். ஒவ்வொன்றையும் நான் வாய்விட்டுப் படிக்கப் படிக்க இரண்டு பெண்கள் அடித்தார்கள். சிவப்பு விழுந்த இடத்தில் நாங்குநேரிப் பெண் என்னைத்தான் திரும்பிப் பார்த்தாள். பன்னிரண்டுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது பேட்ச் போயிற்று. அவளாகவே என் படத்தையும் ஸ்கேன் செய்து கூடவே அனுப்பினாள். சாட்சிக் கையெழுத்தோடு.

மானேஜர் அதற்குப் பிறகு திட்டவில்லை. பாராட்டவும் இல்லை. சனி, ஞாயிறு எனக்குச் சோறு இறங்கவில்லை.

திங்கட்கிழமை சாயங்காலம் அமெரிக்காவிலிருந்து வீடியோவில் கூப்பிட்டார்கள். நூலகத்தில் அந்தக் கடிதங்களைப் பொறுப்பாகப் பார்க்கிற அம்மா, நரைத்த தலையைக் கட்டையாக வெட்டியிருந்தார். வணக்கம் சொன்ன கையோடு என் படத்தை எடுத்துக் காட்டி, இதை வரைந்தது யார் என்று கேட்டார். எல்லோரும் என்னை முன்னால் தள்ளினார்கள்.

அவர் கேட்பது எனக்குப் புரிந்தது, பதில் சொல்லத்தான் நாங்குநேரிப் பெண். நான் தமிழில் சொன்னேன், அவள் இங்கிலீஷில் சொன்னாள். நிலம் அடையாததால் தேடினோம் என்றேன். பின்பக்கத்தை முதலில் ஒதுக்கியது நான்தான் என்பதையும் சொல்லச் சொன்னேன். அவள் தயங்கினாள். "சொல்லுட்டி" என்றேன்.

அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றிச் சிரித்தார். அவர்களிடம் இந்தக் குறிப்பை முன்பு ஒருவர் டைப் அடித்து வைத்த நகல் இருக்கிறதாம். அதிலும் நாலு வரிதானாம். அடித்தவர் தாளைத் திருப்பவே இல்லையாம். இத்தனை காலம் அந்த நிலம் திறந்து கிடக்கிறது என்றே எங்களில் ஒருவருக்கும் தெரியாது என்றார். எனக்கு உடம்பெல்லாம் பூரித்துப் போயிற்று. இருபத்திரண்டு வருஷம் நான் எத்தனையோ நிலத்துக்கு எல்லை படித்துச் சொல்லியிருக்கிறேன். ஒருத்தர்கூட இப்படி என் முகத்தைப் பார்த்துச் சொன்னதில்லை.

இந்த மாதிரி அளவைக் குறிப்புகள் இன்னும் நிறைய இருக்கின்றன, எல்லாவற்றையும் உங்களுக்கே அனுப்புகிறோம், இந்த ரீடரால் ஒவ்வொன்றையும் வரைந்து பார்க்க முடியுமா என்று கேட்டார். மானேஜர் முந்திக்கொண்டார். நிச்சயமாக, இவர் எங்கள் ரீடர் என்று இங்கிலீஷில் சொன்னார். அறையில் கைதட்டல்.

வீடியோ அணைந்தது. நான் அவர் மேஜைக்குப் போய் நின்றேன்.

"சார், ரீடர்னு சொன்னிய."

"ஆமாக்கா. நாளையில இருந்து நீங்கதான் ரீடர். சந்தோஷம்தானே?"

"வாய்ச்சொல்லு பத்திரம் ஆகாது சார். எழுதித் தாங்க."

"அக்கா!"

"எழுதித் தாங்க."

தலையில் அடித்துக்கொண்டு அவரே டைப் அடித்து, அச்செடுத்து, கையெழுத்துப் போட்டுத் தந்தார். நான் நின்றபடியே முதல் வரியிலிருந்து கடைசி வரைக்கும் படித்தேன். மூன்றாவது வரியில் விரலை வைத்தேன். ரீடர் என்ற வார்த்தைக்கு முன்னால், தற்காலிக என்று இருந்தது.

"இது எதுக்கு?"

"அது சும்மா, வழக்கமாப் போடுறது."

"எடுங்க."

அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் கண்ணை எடுக்கவில்லை. பேனாவை எடுத்து அந்த வார்த்தையை அடித்தார். அடித்த இடத்துக்குப் பக்கத்தில் சுருக்கொப்பம் போடச் சொன்னேன். போட்டார். தேதி? அதையும் போட்டார்.

தாளை மடிக்காமல் ஃபைலில் வைத்து நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன். ஸ்ரீவைகுண்டம் பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது கணவருக்குப் போன் போட்டேன். ஏலக் கடை இரைச்சலில் அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை. "என்னளா? என்ன சொன்னாவ? வேலை இருக்கா, போச்சா?" என்று கத்தினார்.

"நிரந்தரம்!" என்று நானும் கத்தினேன். "ஏங்க, நிரந்தரம்! இனி என்னை எவளும் எழுப்ப முடியாது!"

பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டுமே.